பதின்மூன்றாவது குழல்

பழைய சீன தேசத்தில் குவோ ஷான் என்றொரு பஞ்சாங்க மந்திரி இருந்தான். தலையைவிடத் தலைக்கனம் பெரிசு. ஒன்றின் நீளத்தை வைத்து அடுத்ததை அளந்து அறுத்து, மாதத்துக்கொன்றாகப் பன்னிரண்டு மூங்கில் சுருதிக் குழல் செய்த கைவினைஞன் தோவ் நிங்கை அவன் அரசர் முன்னால் இழுத்து வந்தான்.

“பதின்மூன்றாவதை அறுத்தால் முதல் குழலின் சுருதியே திரும்ப வர வேண்டாமா? மயிரிழை ஏறி நிற்கிறதே! உன் கையை வெட்டுகிறேன்.”

“யார் அறுத்தாலும் அந்த மிச்சம் வரும், ஐயா.”

“சால்ஜாப்பு! பன்னிரண்டில் அடங்காத சுற்று உண்டா?”

“உண்டே! பன்னிரண்டு அமாவாசைக்குள் வருஷம் அடங்காமல் பதினோரு நாள் மிஞ்சுகிறது. அதை மறைக்க, மூன்று வருஷத்துக்கொரு தரம் பதின்மூன்றாவது மாதத்தைச் செருகுவது நீங்கள்தானே? எனக்கு மிஞ்சியது மயிரிழை. உங்களுக்கு ஒரு முழு மாதம். யார் கையை முதலில் வெட்டலாம்?”

அரசர் மந்திரியின் கைகளைப் பார்த்தார். இரண்டும் சட்டென்று அங்கிக்குள் ஒளிந்துகொண்டன.