ரெண்டாவது பேட்டரியை யாருக்கும் தெரியாது

நெட்டூரணி ஆட்களுக்கு மூளை கிடையாது என்று சுற்றுவட்டாரத்தில் சொல்வார்கள். அது அபாண்டம். மூளை இருக்கிறது. அதைச் சும்மா விடுவதில்லை, அதுதான் சங்கடம். யோசிக்காமல் இருந்திருந்தால் அவர்களுக்கு வந்த கஷ்டத்தில் முக்கால்வாசி வந்திருக்காது என்பது என் அபிப்பிராயம்.

அந்த ஊரில் நாலு பேர் கூட்டாக ஒரு வேனும் மைக் செட்டும் வைத்திருந்தார்கள். வீரசங்கிலி தலைவர். அழகுமலை டிரைவர். தவசி என்பவன் வீரசங்கிலியின் அக்கா மகன், நல்ல பையன், சொன்ன சொல்லைத் தட்டமாட்டான். நாலாவது ஆள் சோணை. அவனுக்கு என்ன வேலை என்று அவனுக்கே கொஞ்ச நாள் தெரியாமல் இருந்தது.

தவசிக்குப் பக்கத்து டவுனில் பெண் பார்த்து நிச்சயமும் ஆகிவிட்டது. பெண்ணின் அப்பா ஒச்சப்பன் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"மாப்பிள்ளைக்குச் சொந்த வண்டி, சொந்த மைக் செட்டுன்னு சொல்லித்தானே பொண்ணு கேட்டீங்க. அந்த வண்டியும் வரணும், அந்த மைக் செட்டுல பாட்டும் கேக்கணும். வியாழக்கிழமை பதினொரு மணியோட முகூர்த்தம் முடியுது. அதுக்குள்ள வரலேன்னா என் தங்கச்சி மகன் இருக்கான்."

தங்கச்சி மகன் நிச்சயதார்த்தத்துக்கே பட்டு வேட்டி கட்டிக்கொண்டுதான் வந்திருந்தான். அதைப் பார்த்ததிலிருந்து தவசிக்குச் சோறு இறங்கவில்லை.

வேனில் புதுப் பேட்டரி போட்டு ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஆனால் மைக் செட்டும் அதிலேயே ஓடியதால் வண்டி அடிக்கடி மக்கர் செய்தது. ஒரு மெக்கானிக் ரெண்டாவது பேட்டரி ஒன்றை மாட்டிக்கொடுத்துப் பக்குவமும் சொன்னார்.

"மொதப் பேட்டரி வண்டியை ஸ்டார்ட் பண்ண மட்டும்தான். ரெண்டாவது மைக் செட்டுக்கு. வண்டி ஓடுறப்ப ரெண்டும் ஒயர்ல சேந்திருக்கும். வண்டி நின்னா ஒயரைப் பிரிச்சிரணும். தானாப் பிரிக்கிறதுக்கு ஒரு சாமான் இருக்கு, வாங்கிக்கங்க."

"சாமான் எதுக்கு? சோணை இருக்கான்" என்றார் வீரசங்கிலி. இப்படித்தான் சோணைக்கு வேலை கிடைத்தது.

சோணை வேலையில் சுத்தம். வண்டி நின்றதும் குதித்து இறங்கி ஒயரைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். வண்டி கிளம்பும்போது மாட்ட வேண்டும் என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை. அதனால் ஒயர் பையிலேயே இருந்தது.

அழகுமலையும் லேசுப்பட்டவன் இல்லை. முதல் பேட்டரி ஸ்டார்ட் பண்ண மட்டும்தான் என்பதால் ஹாரன் அடிப்பதையே விட்டுவிட்டான். யாராவது குறுக்கே வந்தால் மைக்கில் மரியாதையாகச் சொல்வான். "கட்டம் போட்ட சட்டை அண்ணே, ஓரமாப் போங்க. பின்னால வர்ற வெள்ளாடும் அப்படியே." ஆடுகள் கேட்டதில்லை. கட்டம் போட்ட சட்டைக்காரர்கள் கெட்ட வார்த்தை சொன்னார்கள்.

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் மைக் செட் ஊமையாகிவிட்டது. ரெண்டாவது பேட்டரியில் உயிர் இல்லை. நாலு பேரும் வண்டியைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"மூத்தவன் வயிறு முட்ட வெச்சிருக்கான், இளையவன் பட்டினி கிடக்கான். ஒரே வீட்டுக்குள்ள இது நியாயமா?" என்றார் வீரசங்கிலி.

நியாயம் இல்லைதான் என்று மூவரும் ஒத்துக்கொண்டார்கள். சோணை பையிலிருந்த ஒயரை எடுத்து முதல் முறையாக மாட்டினான். விடிகிறவரை அதைக் கழற்றவில்லை, ஏனென்றால் வண்டி ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தது. காலையில் இளையவனுக்கு ஒரு பாட்டுக்குத் தெம்பு வந்திருந்தது. மூத்தவன் போய்விட்டான். சாவியைத் திருப்பினால் 'டிக்' என்றுகூடச் சத்தம் இல்லை.

தவசி பட்டு வேட்டியோடு தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். வீரசங்கிலி டவுனில் பேட்டரி வாங்கிய கடைக்குப் போன் போட்டார். கடைக்காரர் ஞானதுரை பொறுமைசாலி.

"வாரண்டி இருக்குங்க. வண்டியோட கொண்டாங்க. வாங்கினப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கணும். வேற பேட்டரி கீட்டரி சேத்து மாட்டியிருந்தீங்கன்னா வாரண்டி கிடையாது, இப்பவே சொல்லிட்டேன்."

மறுபடியும் யோசனை நடந்தது.

"வாங்கினப்ப எப்படி இருந்துச்சு?" என்றார் வீரசங்கிலி.

"மழை கொட்டுச்சு மாமா" என்றான் தவசி.

"எனக்குப் பல்வலி. கன்னம் வீங்கியிருந்துச்சு" என்றான் அழகுமலை.

"பேட்டரிக்குச் சந்தனம் குங்குமம் வெச்சோம்" என்றான் சோணை.

"அப்ப எல்லாத்தையும் அப்படியே பண்ணணும். ஒண்ணு குறைஞ்சாலும் கேஸ் நிக்காது."

சந்தனம் குழைத்தார்கள். சோணை ஒரு குடம் தண்ணீரைப் பேட்டரி மேலேயும் வீரசங்கிலி மேலேயும் ஊற்றினான். வெயில் பொசுக்கியது, ஆனாலும் குடை பிடித்தார்கள். வலி இல்லாத பல்லுக்கு வலியை எங்கே போய் வாங்குவது? அழகுமலை கடைவாயில் ரெண்டு கொட்டைப்பாக்கை அடக்கிக்கொண்டு துண்டால் தாடையைக் கட்டிக்கொண்டான். அதற்குப் பிறகு அவன் பேசியது யாருக்கும் புரியவில்லை.

மிச்சம் இருந்தது ரெண்டாவது பேட்டரி. அதை வீட்டிலும் விட முடியாது, கல்யாணத்தில் பாட்டுக்கு அது வேண்டும். வண்டியிலும் வைக்க முடியாது, வாரண்டி போய்விடும்.

"நம்மளைத் தெரியாத ஆளு யாராவது அதைப் பஸ்ஸுல கொண்டுபோனா நமக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை" என்றார் வீரசங்கிலி. "தவசி, நீ வண்டி தள்ளினா வேட்டி அழுக்காகும், அதனால நீதான் அந்த ஆளு. இந்த நிமிஷத்துலேருந்து உனக்கு எங்களைத் தெரியாது. பேட்டரிக் கடை ஸ்டாப்புல இறங்கி உக்காரு. நான் வந்து கூப்பிடாம எந்திரிக்காதே. யாரு கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லு."

"சரி மாமா" என்றான் தவசி.

"யாரு மாமா?" என்றார் வீரசங்கிலி. தவசி புரிந்துகொண்டு, பேட்டரியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினான்.

மற்ற மூவரும் வண்டியைத் தள்ளினார்கள். கண்மாய் இறக்கத்தில் வண்டி வேகம் பிடித்து, குலுங்கி, என்ஜின் ஸ்டார்ட் ஆகிவிட்டது.

"அணைடா, அணைடா. ஓடுற வண்டியைக் கொண்டுபோய் பேட்டரி செத்துப்போச்சுன்னா எவன் நம்புவான்?" என்று வீரசங்கிலி கத்தினார்.

அழகுமலை அணைத்தான். அடுத்த இறக்கத்திலும் அந்தப் பாழாய்ப்போன வண்டி ஸ்டார்ட் ஆனது. பிறகு இறக்கமே இல்லாத, முழுக்க ஏற்றமாக இருக்கிற சுற்றுவழியில் தள்ளிக்கொண்டு போனார்கள். கடை வாசலை அடையும்போது மணி பத்து. வீரசங்கிலி மேல் ஊற்றிய தண்ணீர் காய்ந்து, அவர் வியர்வையில் திரும்பவும் நனைந்திருந்தார்.

ஞானதுரை சந்தனம் பூசிய பேட்டரியையும் குடையையும் வீங்கிய கன்னத்தையும் மாறி மாறிப் பார்த்தார். வண்டிக்குள் தலையை விட்டார். அங்கே சீட்டுக்குப் பின்னால் காலியாக ஒரு தட்டு இருந்தது.

"இது என்ன எடம்?"

"அது ரெண்டாவது பேட்டரி வைக்கிற எடம் இல்லைங்க" என்றான் சோணை.

"ரெண்டாவது பேட்டரியைப் பத்தி நான் கேக்கவே இல்லையே?"

"அதான் நாங்களும் சொல்லலை."

"பையில என்ன ஒயரு தொங்குது?"

"இது மாட்டுறதுக்கு இல்லைங்க. கழட்டுறதுக்கு."

ஞானதுரை மூச்சை இழுத்து விட்டார். பஸ் ஸ்டாப்பில் பெஞ்சு இல்லாததால், கடைக்குள்ளிருந்த பெஞ்சில் ஓர் இளைஞன் பட்டு வேட்டியோடு, மடியில் பேட்டரியை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரமாக உட்கார்ந்திருந்தான். அவர் அந்தப் பக்கம் கை நீட்டினார்.

"அவரு யாரு?"

"எங்களுக்குத் தெரியாது" என்றார்கள் மூவரும். அழகுமலை சொன்னது மட்டும் 'எங்ஙக்கு தெயியாது' என்று கேட்டது.

தவசியும் எட்டிப் பார்த்துச் சொன்னான். "எனக்கும் இவங்களைத் தெரியாதுங்க. வீரசங்கிலி மாமாவைத் தெரியாது, அழகுமலை அண்ணனைத் தெரியாது, சோணையைச் சுத்தமாத் தெரியாது."

ஞானதுரைக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தது. பத்து மணிக்கு மேல் இவர்களை வாசலில் வைத்துக்கொண்டு எப்படி வியாபாரம் பார்ப்பது?

"இங்க பாருங்க. பேட்டரியைக் கம்பெனிக்கு அனுப்புறேன். முடிவு வர ஒரு வாரம் ஆகும். அதுவரைக்கும் கடைப் பேட்டரியை இரவலா மாட்டிக்கங்க. ஆனா ஒண்ணு. இப்ப சொன்னதுல ஒரு வார்த்தை மாறினாலும் வாரண்டி கேன்சல்."

"ஒரு வாரத்துக்கு மாறாதுங்க" என்று வீரசங்கிலி கையெடுத்துக் கும்பிட்டார். வண்டி சீறிக்கொண்டு கிளம்பியது. மண்டபத்துக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஜெயித்த சந்தோஷம் மூவர் முகத்திலும் வழிந்தது.

"வண்டி வந்துருச்சு. மாப்பிள்ளை எங்க?" என்றார் ஒச்சப்பன்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தங்கச்சி மகன் சீப்பை எடுத்துத் தலை வாரத் தொடங்கினான்.

பெண்ணின் பெயர் பஞ்சவர்ணம். அவளுக்குத் தவசியைப் பிடித்திருந்தது, சீப்பைப் பிடிக்கவில்லை. மணவறையிலிருந்து எழுந்து வந்து சோணையிடம் கேட்டாள்.

"அவரு எங்கண்ணே?"

"எவரு? பேட்டரிக் கடையில ஒருத்தரு பட்டு வேட்டியோட, மடியில பேட்டரியை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. அவரை எங்களுக்குத் தெரியாதும்மா."

"அது போதும்" என்று சொல்லி அவள் அப்பாவிடம் திரும்பினாள். "வண்டி வரணும்னீங்க, வந்துருச்சு. பாட்டுக் கேக்கணும்னீங்க, பேட்டரி அவரு மடியில இருக்கு. ஐயரையும் மேளத்தையும் வண்டியில ஏறச் சொல்லுங்க. மணி பத்தரை ஆகுது."

கல்யாணம் பேட்டரிக் கடைக்குள் நடந்தது. தவசி எழுந்திருக்க மறுத்துவிட்டான். கூப்பிட வேண்டியவர் கூப்பிடவில்லை, கூப்பிட வேண்டியவரை அவனுக்குத் தெரியவும் தெரியாது. அதனால் மடியில் இருந்த பேட்டரியிலேயே மைக் செட்டை இணைத்து, அதில் இருந்த ஒரே ஒரு பாட்டைப் போட்டார்கள்.

"தாய்மாமன் வந்து மாலையை எடுத்துக் குடுங்கோ" என்றார் ஐயர்.

வீரசங்கிலி மின்விசிறியையே பார்த்துக்கொண்டு நின்றார். தூக்கி வளர்த்த பிள்ளை. கண்ணில் தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. ஆனால் கால் அசையவில்லை.

"யோவ், போய் எடுத்துக் குடுய்யா" என்றார் ஞானதுரை.

"முன்னப்பின்ன தெரியாதவங்க கல்யாணத்துல நான் எப்படிங்க?"

முகூர்த்தம் முடிய அஞ்சு நிமிஷம்தான் இருந்தது. தலையில் அடித்துக்கொண்டு ஞானதுரையே மாலையை எடுத்துக் கொடுத்தார். தாய்மாமனுக்கு வைத்திருந்த வேட்டி துண்டும் அவருக்கே போனது. தவசி உட்கார்ந்தபடியே தாலி கட்டினான். மூன்றாவது முடிச்சு விழுந்ததும் பாட்டு நின்றது.

கூட்டம் கலைந்த பிறகு வீரசங்கிலி மூக்கைச் சிந்திக்கொண்டு, ஞானதுரை பார்க்கிறாரா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு, மணமக்களிடம் வந்தார்.

"நல்லா இருங்க தம்பி. உங்களுக்கு எந்த ஊரு?"

"நெட்டூரணிங்க" என்றான் தவசி.

"அப்படியா? நாங்களும் அந்தப் பக்கம்தான் போறோம். வண்டி சும்மாத்தான் போகுது, ரெண்டு பேரும் ஏறிக்கங்க" என்றார் வீரசங்கிலி. பிறகு மடியைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அந்தப் பேட்டரி மட்டும் பஸ்ஸுல வரட்டும்."