காற்றில்லாத தொட்டி

ஊர்க் கழிவுநீரைச் சுத்தம் செய்து ஏரிக்கு அனுப்பும் நிலையத்தில் பெருந்தேவிக்குத் தெரியாத வால்வு கிடையாது. அவளுக்கு முப்பத்தாறு வயது. அவளிடம் தொழில் கற்க வந்த சூசைராஜுக்கு ஐம்பத்து மூன்று. அதனாலென்ன, சிஷ்யன் சிஷ்யன்தான்.

அங்கே இரண்டு தொட்டிகள் அடுத்தடுத்து இருந்தன. ஒன்றில் எந்நேரமும் காற்றடிப்பார்கள். உலை கொதிப்பதுபோல் ஒரே இரைச்சல். அதிலுள்ள நுண்ணுயிர்கள் சிறுநீரின் அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும். மற்றதில் காற்றே கிடையாது, ஒரு துடுப்பு மட்டும் மெல்லச் சுற்றும். காற்றடித்த நீரை இதற்குள் திருப்பிவிடுவார்கள்; இங்கிருப்பவை அதிலுள்ள நைட்ரேட்டைக் கொண்டே மூச்சுவிட்டு, அதைக் குமிழியாக்கி மேலே அனுப்பிவிடும். அனுப்பாவிட்டால் ஏரியில் பாசி மண்டி, மீன் செத்து மிதக்கும்.

அந்தச் சத்தமில்லாத தொட்டிதான் சூசைராஜின் பொறுப்பு. மனைவி ரெஜினா போய்ச்சேர்ந்து ஏழு மாதம். வீட்டிலும் பேச ஆளில்லை, இங்கேயும் இல்லை. மத்தியானம் எல்லாரும் கூடி உட்கார்ந்து சாப்பிட, இவர் டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு தொட்டியோரம் ஒதுங்கிவிடுவார். தனிமை மனுஷனை அரித்துத் தின்றது.

இரண்டு வாரமாக நைட்ரேட் இறங்கவில்லை. வெள்ளிக்கிழமைச் சோதனையிலும் இறங்காவிட்டால் அவருக்கு வேலை இல்லை. மிச்சமிருந்த ஒரே பிடிமானமும் போய்விடும்.

புதன்கிழமை மத்தியானம் பெருந்தேவி தொட்டியைச் சுற்றி வந்தாள். துடுப்புக்குப் பின்னால் தண்ணீர் கொப்பளித்தது. பக்கத்துக் காற்றுக்குழாயிலிருந்து யாரோ ரப்பர் குழாய் போட்டு இழுத்துவிட்டிருந்தார்கள்.

"யாருண்ணே இதை வச்சது?"

சூசைராஜ் திருதிருவென முழித்தார். "நான்தான் மேடம். மூச்சுமுட்டிக் கிடக்குதுங்களேன்னு மனசு கேக்கல."

"நல்லா வச்சீங்க போங்க! காத்து கிடைச்சா அதுங்க எதுக்கு நைட்ரேட்டத் தொடும்?"

குழாயைப் பிடுங்கிப் போட்டாள். தொட்டியிலிருந்து ஒரு கண்ணாடிக் குடுவை நிறைய மொண்டு சுவர்மேல் வைத்தாள். "உக்காருங்க, பாப்போம்."

கசடு அடியில் படிந்தது. ரொம்ப நேரம் கழித்து அடியிலிருந்து ஒரு குமிழி கிளம்பியது. பிறகு இன்னொன்று. பிறகு சரம் சரமாக.

"உசுரோடதான் இருக்கு. இனிமே குழாய் வைக்காம இருங்க, வெள்ளிக்கிழமைக்குள்ள தேறிடும்."

சூசைராஜ் குடுவையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் நிறைந்துவிட்டது.

"காத்தே இல்லாம எப்படி மேடம் உசுரோட இருக்க முடியும்?"

"மொதல்ல கையக் கழுவுங்க. சாப்பிடலாம்."

கழுவிவிட்டு வந்து அவருடைய கேரியரைத் தூக்கினாள். கனமே இல்லை. திறந்தாள். மேல் அடுக்கு காலி. கீழ் அடுக்கும் காலி.

"எத்தன நாளாண்ணே?"

"அவ போனதிலேருந்து மத்தியானம் இப்படித்தான். தூக்கிட்டு வர்ற பழக்கம் மட்டும் விடல."

பெருந்தேவி தன் எலுமிச்சைச் சாதத்தில் பாதியை அதில் போட்டாள்.

"ஊர்லேருந்து வர்ற புதுக் கழிவ மொதல்ல எந்தத் தொட்டிக்கு விடுறோம்?"

"இந்தத் தொட்டிக்குத்தான்."

"எதுக்குன்னு சொல்லியிருக்கேனே?"

"இதுங்களுக்குத் தீனி."

அவள் கேரியரை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"காத்தத்தாண்ணே நிறுத்துனோம். சோத்த நிறுத்தலையே."