வலது சக்கரத்துக்கு எண்ணெய் வேண்டாம்

அந்தக் காலத்தில் கிடங்குச் சாமான்களுக்கும் வாய் இருந்தது. தராசு முணுமுணுக்கும். சாக்குகள் ஒன்றையொன்று "தள்ளிப் படு" என்று ஏசிக்கொள்ளும். எல்லாவற்றிலும் பெரிய வாயாடி, மூட்டை ஏற்றும் தள்ளுவண்டிதான்.

கடற்கரை ஊர் நெல் கிடங்கு ஒன்றில் சங்கையா வண்டி தள்ளினான். அவன் பெண்சாதி பவுனம்மாள் சிந்திய நெல்லைக் கூட்டி அள்ளினாள். வண்டியில் மூட்டைகளை அடுக்கிவிட்டால் சங்கையாவுக்கு முன்னால் இருப்பது எதுவும் தெரியாது. வண்டிதான் அவனுக்குக் கண்.

"அண்ணாச்சி, தூண் வருது, இடப்பக்கம் ஒடிங்க. மதினி முறத்தோட குறுக்கே நிக்காக, ராணி கணக்கா! நகருங்க மதினி, உங்க காலா என் சக்கரமான்னு பார்த்துருவோமா?"

மற்ற நாளாக இருந்தால் பவுனம்மாளும் பதிலுக்குப் பதில் கொடுத்திருப்பாள். அன்று பிள்ளைக்கு மூன்றாம் நாள் காய்ச்சல். மூலையில் விரித்த சாக்கில் அப்போதுதான் கண் அயர்ந்திருந்தது. எழுந்தால் மறுபடி அழும், அழுதால் மறுபடி காயும் என்று அவளுக்குப் பயம்.

"உன் வாயைக் கொஞ்சம் மூடேன். நான் சொல்ற வரைக்கும் பேச மாட்டேன்னு சத்தியம் பண்ணு."

"அண்ணாச்சிக்கு வழி யாரு சொல்லுவா?"

"தினம் நடக்கிற வழிதானே, அவருக்குத் தெரியாதா? பண்ணு."

வண்டி தன் அச்சின் மேல் சத்தியம் செய்தது. அந்தக் காலத்துச் சாமான்களுக்குச் சொன்ன சொல்லை மீறத் தெரியாது.

பவுனம்மாள் கிடங்கின் அந்தக் கோடியில் கூட்டப் போனாள். போயும் மனம் கேட்கவில்லை. இரண்டு பெருக்குக்கு ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். மூன்றாம் தரம் பார்த்தபோது சாக்கில் பிள்ளை இல்லை. காய்ச்சல் விட்டு, தவழ்ந்து வந்து, நடுவழியில் உட்கார்ந்து நெல் பொறுக்கிக்கொண்டிருந்தது. வாசல் சரிவிலிருந்து வண்டி பாரத்தோடு இறங்கி வந்தது.

கத்த வாயெடுத்தாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

வண்டியும் பிள்ளையைப் பார்த்துவிட்டது. பேசக் கூடாது. இருந்த பலத்தையெல்லாம் திரட்டி வலது சக்கரத்தை அச்சோடு சேர்த்து இறுக்கியது.

கிரீ...ச்!

"என்னது?" என்று சங்கையா பிடித்து நிறுத்தி எட்டிப் பார்த்தான். சக்கரத்துக்கும் பிள்ளைக்கும் நடுவே ஒரு சாண்தான் இருந்தது.

பவுனம்மாள் ஓடி வந்து பிள்ளையை வாரி எடுத்தாள். அப்புறம்தான் அவளுக்குக் குரல் வந்தது. வண்டியிடம் சொன்னாள்: "சொல்லிட்டேன்யா, பேசு. என்னைய ஏசவாவது செய்."

வண்டி முயன்று பார்த்தது. கிரீச் என்றது. இருந்த குரல் முழுவதும் சக்கரத்துக்குள் இறங்கிப் போயிருந்தது. அதைக் கண்டு மற்ற சாமான்களும் அன்றோடு வாயடைத்துப் போயின.

மறுநாள் சங்கையா எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தான். இடது சக்கரத்துக்கு விட்டான். வலதுக்கு வந்தபோது பவுனம்மாள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதுக்கு வேண்டாங்க. அது பேசட்டும்."

அன்று முதல்தான் கிடங்குத் தள்ளுவண்டியில் ஒரு சக்கரம் மட்டும் கத்திக்கொண்டே வருகிறது. சனியன் என்று திட்டிக்கொண்டே நாமும் விலகிக்கொள்கிறோம்.