தணிகாசலத்தின் ஆணி

சந்தை வாசலில் பஞ்சர் ஒட்டும் பவுனம்மாளைக் கிளப்ப, சந்தைக் கண்காணிப்பாளர் தணிகாசலம் காரணம் தேடிக்கொண்டிருந்தார். ஒரு காலை, காற்றிறங்கிய சைக்கிளோடும் ஓர் ஆணியோடும் வந்து கூட்டம் சேர்த்தார்.

“வியாபாரம் ஆகணும்னு ரோட்டுல ஆணி போடறியா? இது என் டயர்ல பிடுங்கினது. இன்னிக்கே கடையை எடு.”

பவுனம்மாள் டியூபை உருவித் தண்ணீரில் அமுக்கினாள். ஓரிடத்தில் குமிழி வந்தது. பிறகு டயரைத் தடவிப் பார்த்துக் கூட்டத்துக்குக் காட்டினாள். புது டயர். அதில் ஓட்டையே இல்லை.

“ஐயா, டயரைத் தொடாமலே டியூபைக் குத்தியிருக்கு உங்க ஆணி. இன்னொரு தடவை அப்படிக் குத்திக் காட்டுங்க, இப்பவே கடையை எடுத்துடறேன்.”

“டயரைக் கழட்டி வச்சிட்டுக் குத்துங்க சார், நேத்து மாதிரி” என்றார் கூட்டத்தில் நின்ற காய்கறிக்காரர்.

சிரிப்பு அடங்குமுன் தணிகாசலம் சைக்கிளை உருட்டிக்கொண்டு நகர்ந்தார்.

“ஐயா, டியூபு!” என்று கூப்பிட்டாள் பவுனம்மாள்.