சாம்பாருக்கு சீட்டு, ஆளுக்கு டிக்கி

"மூளையைப் பங்கு வைத்த அன்றைக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம், போக முடியவில்லை" என்று சொல்லக்கூடிய நாலு பேர் புளியங்கரையில் இருந்தார்கள். நாலு பேரும் சமையல்காரர்கள். கைப்பக்குவம் என்றால் அப்படி ஒரு கைப்பக்குவம். பேச்சுவார்த்தை நின்றுபோன சம்பந்திகள் அவர்கள் வைத்த ரசத்தைக் குடித்துவிட்டு மறுபடி பேசியிருக்கிறார்கள். கை செய்த வேலையைத் தலை கெடுக்காமல் இருந்தால் அவர்களுக்கு ஒரு குறையும் கிடையாது.

தலைவர் அணஞ்சபெருமாள். பெரிய உருவம். சாம்பார் அவர் பொறுப்பு. பாயசம் கோலப்பன் பொறுப்பு. சோறு வடிக்கிறதும் கணக்குப் போடுகிறதும் பூதலிங்கம். ஆறாம் வகுப்பை மட்டும் மூணு வருஷம் படித்தவன், அதனால் அவன் சொல்லுக்கு ஒரு மரியாதை. வண்டி ஓட்டுவது மாசானம்.

ஓட்டுகிற வண்டிதான் இல்லை. பழைய வேன் ரெண்டு மாசத்துக்கு முன்னால் நடு ரோட்டில் படுத்தது, எழுந்திருக்கவே இல்லை. அதிலிருந்து சாமான் ஆட்டோவில், ஆள் பஸ்ஸில் என்று போனார்கள். முதல் கல்யாணத்துக்கு சாம்பார் பதினோரு மணிக்கு வந்தது, ஆள் ரெண்டு மணிக்கு வந்தது. அடுத்த கல்யாணத்துக்கு ஆள் பத்து மணிக்கே வந்துவிட்டது. சாம்பார் வேறொரு கல்யாணத்துக்குப் போய்விட்டது. அங்கே சாப்பிட்டவர்கள் நல்ல சாம்பார் என்று சொல்லி அனுப்பினார்கள்.

ரெண்டும் நடந்தது சொர்ணத்தாச்சியின் மண்டபத்தில். ஆச்சி கூப்பிட்டு விட்டாள்.

"இந்தா பாரும் அணஞ்சபெருமாளு. வர்ற வெள்ளிக்கிழமை எங்க மாமனாருக்கு எம்பது முடியுது. அறுவது இலை. பன்னெண்டு மணிக்கு ஆளும் சாமானும் ஒண்ணா வந்து நிக்கணும். நின்னா இந்த வருசம் மண்டபத்துல நடக்குற அம்புட்டு கல்யாணமும் உமக்கு. நிக்கலேன்னா மேலத்தெரு ஆளுகளுக்குச் சொல்லிருவேன்."

நாலு வீட்டு அடுப்பும் அந்த மண்டபத்து அடுப்பை நம்பித்தான் எரிந்தது. அணஞ்சபெருமாளுக்குச் சோறு இறங்கவில்லை. அவருக்குச் சோறு இறங்காதது நாப்பது வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

கோயம்புத்தூரில் இருக்கிற தங்கச்சி மாப்பிள்ளையிடம் போனில் யோசனை கேட்டார். "ஹைபிரிட் கார் ஒண்ணு எடுங்க மச்சான். பெட்ரோல்லயும் ஓடும், கரண்டுலயும் ஓடும்" என்றார் அவர்.

"ரெண்டும் ஒரே வண்டியிலயா?" என்று கோலப்பன் பயந்தான். "அடிச்சுக்கிடாதா?"

"நீ கூட்டாஞ்சோறு திங்கியே. அரிசியும் பருப்பும் ஒரே பானைக்குள்ள அடிச்சுக்கிட்டா கெடக்கு?" என்றான் பூதலிங்கம். படித்தவன் படித்தவன்தான் என்று அணஞ்சபெருமாள் நினைத்துக்கொண்டார்.

திருநெல்வேலி புறவழிச்சாலையில் இருந்த கார் கடைக்கு நாலு பேரும் போனார்கள். அங்கே பெனிட்டா என்று ஒரு பிள்ளை. பொறுமைசாலி. எவ்வளவு பொறுமை என்பது அன்றுவரை அதற்கே தெரியாது.

"வண்டியில எத்தனை பேர் போவீங்க, என்னென்ன சாமான் கொண்டு போவீங்க, அதை முதல்ல சொல்லுங்க சார். ஹைபிரிட்ல பேட்டரி பின்னாடி அடியில இருக்கும். அதனால டிக்கியோட தரை கொஞ்சம் மேடு. இருந்தாலும் இந்த வண்டி டிக்கி முந்நூத்தி எழுபது லிட்டர்."

அதுவரை மூஞ்சியில் ஈயாடாமல் நின்ற நாலு பேரும் லிட்டர் என்றதும் தெளிந்தார்கள். நம்ம பாஷை.

"சாம்பார்ல முந்நூத்தி எழுவதாம்மா, ரசத்துலயா?" என்று கேட்டார் அணஞ்சபெருமாள்.

"ரெண்டுக்கும் லிட்டர் ஒண்ணுதானே அண்ணாச்சி" என்றான் மாசானம்.

"லிட்டர் ஒண்ணுதாம்லே. ரசம் கதவு இடுக்குல கசியும். சாம்பார் நிக்கும்."

"சார், அதுல எதையும் ஊத்தக் கூடாது" என்றாள் பெனிட்டா. "எடம் எவ்வளவுங்கிறதைத்தான் லிட்டர்ல சொல்லுவாங்க."

"சரிம்மா. தலை தட்டி அளந்ததா, குமிச்சு அளந்ததா?"

பெனிட்டா யோசித்துப் பார்த்தாள். கேள்வி சரியான கேள்வியாக இருந்தது. "சீட்டு உயரம் வரைக்கும் முந்நூத்தி எழுபது. கூரை வரைக்கும் குமிச்சா இன்னும் கூட வரும் சார்."

"பிள்ளைக்கு அளவு தெரியுது" என்றார் அணஞ்சபெருமாள். அந்த நிமிஷத்திலிருந்து அவள் சொன்னதெல்லாம் அவருக்கு வேதம்.

அவளும் சொன்னாள். பிரேக் பிடித்தால் பேட்டரியில் சார்ஜ் ஏறும். மெதுவாகப் போனால் கரண்டில் போகும், சத்தமே இருக்காது, புகையும் இருக்காது. பின் சீட்டை மடக்கினால் சாமானுக்கு எடம் கூடும், ஆள் உட்கார முடியாது. மடக்காவிட்டால் ஆள் உட்காரலாம், சாமானுக்கு எடம் குறையும்.

"ஆள் முக்கியமா, சாமான் முக்கியமான்னு நீங்கதான் முடிவு பண்ணணும் சார்."

நாலு பேரும் கடைக்குள்ளேயே வட்டமாக உட்கார்ந்து முடிவு பண்ணினார்கள்.

"சாமான்தான் முக்கியம். வந்தவன் சாம்பாரைத்தானே திங்கப் போறான், நம்மளையா திங்கப் போறான்" என்றான் கோலப்பன்.

"ஆள் இல்லாம சாம்பார் எலைக்குத் தானா நடந்து போகுமா?" என்றான் மாசானம்.

"போன தடவை நம்ம இல்லாமத்தான் இன்னொரு கல்யாணத்துக்கே போச்சு."

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். கடை மூடுகிற நேரம் ஆகிவிட்டது. பெனிட்டா ஒரு வழி சொன்னாள். "வெள்ளிக்கிழமை காலையில நானே வண்டியை உங்க ஊருக்குக் கொண்டு வரேன். வழக்கமா ஏத்துற ஆளையும் சாமானையும் ஏத்தி ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. போதுமா போதாதான்னு தெரிஞ்சிரும்."

ஊருக்கு வந்ததும் பூதலிங்கம் கணக்குப் போட உட்கார்ந்தான். உடனே ஒரு முட்டு. சாமான் எத்தனை லிட்டர் என்று தெரியும். ஆள் எத்தனை லிட்டர்?

"அளந்துர வேண்டியதுதான்" என்றார் அணஞ்சபெருமாள்.

சமையல் கொட்டகையில் இருந்ததிலேயே பெரிய அண்டாவில் விளிம்பு தட்டத் தண்ணீர் நிரப்பினார்கள். தலைவர் என்பதால் அவர்தான் முதலில் இறங்கினார். தண்ணீர் நாலா பக்கமும் வழிந்தது. கழுத்துவரை உள்ளே, தலை வெளியே.

"தலையை விட்டுட்டா அளவு தப்பும் அண்ணாச்சி" என்றான் பூதலிங்கம். "நாளைக்கு வண்டிக்குத் தலையும்தானே வருது."

மாசானம் அவர் தலையைப் பிடித்து ஒரு முக்கு முக்கினான். பிறகு அவர் வெளியே வர, ஒரு லிட்டர் செம்பால் ஊற்றி ஊற்றி மறுபடி விளிம்பு வரை நிரப்பினார்கள். தொண்ணூறு செம்பு பிடித்தது. அதில் தலைக்கு மட்டும் நாலு.

"அண்ணாச்சி தலைக்குள்ள ஒண்ணும் இல்லேன்னுல்லா நெனைச்சேன்" என்றான் கோலப்பன்.

"காலிப் பாத்திரமும் எடத்தை அடைக்கத்தாம்லே செய்யும்" என்றான் பூதலிங்கம். அணஞ்சபெருமாள் தலையைத் துவட்டிக்கொண்டே ஆமாம் என்றார்.

கோலப்பன் எழுபத்தொண்ணு. பூதலிங்கம் அறுபத்திநாலு. மாசானம் வண்டி ஓட்டுகிறவன், அவனுக்கு முன்னால் தனி சீட்டு உண்டு, அளக்க வேண்டாம் என்றார்கள். அளந்தே ஆக வேண்டும் என்று அவன் கோபித்துக்கொண்டதால் அவனையும் ஒரு முக்கு முக்கி எடுத்தார்கள்.

வெள்ளிக்கிழமை வந்தது. விடியுமுன்னே அடுப்புப் பற்றவைத்து, பத்தரைக்கெல்லாம் சமையல் தயார். பெனிட்டாவும் வண்டியோடு வந்துவிட்டாள். வந்தவளுக்கு மேனேஜரிடமிருந்து போன். புளியமரத்தடியில் நின்று பேசினாள். அந்த நேரத்தில் இவர்கள் சாமான் ஏற்றினார்கள்.

சாம்பார் அண்டாவை டிக்கியில் வைத்தால் டிக்கி மூடியைச் சாத்த முடியவில்லை. தரை மேடு. நாலு விரக்கடை இடித்தது. அண்டாவைச் சாய்த்தால் சாம்பார் சாயும். மணி பதினொண்ணு ஆகப் போகிறது. அணஞ்சபெருமாளுக்கு மேலத்தெரு ஆட்கள் ஆச்சி மண்டபத்து அடுப்பில் கோலம் போடுவது மாதிரி கண்ணில் தெரிந்தது. அந்தக் கலக்கத்தில் அவருக்கு ஒரு ஞானம் பிறந்தது.

"ஏலே, அண்டா மடங்குமா?"

"மடங்காது அண்ணாச்சி."

"ஆள் மடங்குவானா?"

"மடங்குவான்."

"பிறகென்ன? மடங்காதது சீட்டுல, மடங்குறது டிக்கியில."

பூதலிங்கம் கணக்குப் போட்டான். மூணு ஆளும் சேர்ந்து இருநூத்தி இருபத்தஞ்சு. மிச்சம் நூத்தி நாப்பத்தஞ்சு லிட்டரில் சோற்றுக் கூடையும் வடையும் அப்பளமும். தலை தட்டினால் சரியாக இருந்தது.

பின் சீட்டில் வலது ஜன்னலோரம் சாம்பார், நடுவில் ரசம், இடது ஜன்னலோரம் பாயசம். மூணுக்கும் பெல்ட் போட்டார்கள். பெல்ட் போடாதவரை வண்டி கத்தியது, போட்டதும் வாயை மூடியது. சாம்பாரையும் ஓர் ஆளாக மதிக்கிறதே என்று அணஞ்சபெருமாளுக்கு வண்டி மேல் பாசம் வந்துவிட்டது. மூணு பேரும் டிக்கியில் மடங்கினார்கள். மாசானம் மூடியைச் சாத்தினான்.

பெனிட்டா போனை வைத்துவிட்டு முன் சீட்டில் ஏறினாள். திரும்பிப் பார்த்தாள். மூணு அண்டா பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தன.

"மத்தவங்க வரலையா சார்?"

"இங்கதாம்மா இருக்கோம்" என்று சாம்பாருக்குப் பின்னாலிருந்து அணஞ்சபெருமாள் குரல் வந்தது. "நீ சொன்ன அளவுக்குள்ளதான் இருக்கோம். குமிக்கல."

டிக்கியில் ஆள் ஏறக் கூடாது என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் வண்டி தெரு முனையைத் தாண்டியிருந்தது. சத்தமே இல்லாததால் கிளம்பினது அவளுக்கும் தெரியவில்லை, மாசானத்துக்கும் தெரியவில்லை.

"அண்ணாச்சி, வண்டி போவுதா?" என்று மாசானம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கேட்டான்.

"கொஞ்சம் பொறு" என்று பூதலிங்கம் பின் கண்ணாடி வழியாகப் பார்த்தான். "புளியமரம் பின்னாடி போவுது. ஒண்ணு மரம் போவுது, இல்லேன்னா நாம போறோம்."

மண்டபம் ஏழு கிலோமீட்டர். பிரேக் பிடித்தால் சார்ஜ் ஏறும் என்று பெனிட்டா சொன்னதை மாசானம் மறக்கவில்லை. பத்தடிக்கு ஒரு பிரேக் பிடித்தான். ஒவ்வொரு பிரேக்குக்கும் அணஞ்சபெருமாள் தலை சீட்டில் போய் முட்டியது. வலித்தாலும் பேட்டரி நிறைகிறதே என்று பொறுத்துக்கொண்டார். பின்னால் சைக்கிளில் வந்த ஒருத்தர் கண்ணாடிக்குள் மூணு தலையைப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, ஆஸ்பத்திரிக்கா?" என்று கத்தினார். "இல்ல, கார் வாங்கப் போறோம்" என்றார் அணஞ்சபெருமாள். அவர் அனுதாபமாகத் தலையாட்டிவிட்டு வண்டியை முந்திக்கொண்டு போனார்.

பன்னெண்டுக்கு அஞ்சு நிமிஷம் இருக்கும்போது மண்டபத்து வாசலில் நின்றார்கள். ஆச்சி படியில் நின்றுகொண்டிருந்தாள். பந்தியில் இலை போட்டாயிற்று. மாசானம் போய் டிக்கி மூடியைத் தூக்கினான். கோலப்பன் ஒரு காலை வெளியே வைத்தான். அணஞ்சபெருமாள் அந்தக் காலை இழுத்து உள்ளே போட்டார்.

"இறங்காதலே. நாம இறங்கி அந்தப் பக்கம் போனா, சாமான் இந்தப் பக்கம் நிக்கும். இப்படிப் பிரிஞ்சுதான் ரெண்டு கல்யாணம் போச்சு. பந்தி முடியுற வரைக்கும் ஒண்ணாவே இருக்கணும்."

"அப்ப எப்படி பரிமாறுறது?"

"வண்டிதான் சத்தம் போடாது, புகை விடாதுன்னு பிள்ளை சொல்லிச்சே. உள்ள விடுலே."

பந்தி ஹால் வாசல் பாத்திர லாரி போகிற அகலம். உள்ளே ரெண்டு பக்கமும் மேசை, பக்கத்துக்கு முப்பது இலை, நடுவில் நல்ல இடைவெளி. மாசானம் நேராக விடப் போனான். பூதலிங்கம் தடுத்தான்.

"நேரா போனா ஜன்னல் முந்தும், டிக்கி பிந்தும். எலையில முதல்ல சாம்பார் விழும், பிறகுதான் சோறு விழும். ரிவர்ஸ்ல போ. சோறு முந்திக்கிடும்."

அப்படியே வண்டி பின்னுக்குப் போனது. பெனிட்டா முன் சீட்டில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். திறந்த டிக்கியில் உட்கார்ந்து பூதலிங்கம் ரெண்டு பக்கமும் சோறு போட்டான், அப்பளம் போட்டான். சீட்டுக்கு மேலாக எட்டிக் கரண்டி விட்டு அணஞ்சபெருமாள் வலது ஜன்னல் வழியாகச் சாம்பார் ஊற்றினார். கோலப்பன் இடது ஜன்னல் வழியாகப் பாயசம் ஊற்றினான். இலைக்கு ஒரு பிரேக். ஊர்க்காரர்கள் இது ஏதோ எண்பதாம் வருஷத்துச் சடங்கு என்று நினைத்து, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

வலது வரிசை முழுக்க சாம்பார் சாதம். இடது வரிசை முழுக்க பாயசச் சாதம்.

ஆச்சி முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு வந்தாள். அணஞ்சபெருமாள் டிக்கிக்குள் இன்னும் கொஞ்சம் மடங்கினார். ஆனால் இடது வரிசையில் முதல் இலை ஆச்சியின் மாமனாருக்கு. சர்க்கரை வியாதி என்று பத்து வருஷமாக அவர் இலையில் இனிப்பையே காட்டினதில்லை. மனுஷன் பாயசத்தைச் சோற்றில் பிசைந்து, வழித்து, இலையை நக்காத குறையாகத் துடைத்துவிட்டுத் தலை நிமிர்ந்தார்.

"சொர்ணம், மண்டபம் யாரு பேர்ல இருக்கு?"

"உங்க பேர்லதான் மாமா."

"அப்ப இந்தப் பயலுவதான் இனிமே இங்க சமையல். இன்னொரு வட்டம் வரச் சொல்லு."

ஆச்சி மணியைப் பார்த்தாள். பன்னெண்டேகால். பன்னெண்டுக்கு முன்னாலேயே வந்து நின்றவர்கள்தான். ஆளைப் பார்த்தாள், சாமானைப் பார்த்தாள். ஒண்ணாகத்தான் இருந்தார்கள். "சரி வே. வருசம் பூரா நீங்கதான்" என்றாள்.

அணஞ்சபெருமாள் டிக்கிக்குள்ளேயே கையெடுத்துக் கும்பிட்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பந்தி முடிந்து, அண்டாக்கள் காலியாகி, நாலு பேரும் வெளியே வந்து முதுகை நிமிர்த்திக்கொண்டிருக்கும்போது பெனிட்டா புஸ்தகமும் பேனாவுமாக வந்தாள்.

"சொல்லுங்க சார். எடம் போதுமா? இந்த வண்டியையே எழுதிக்கிடவா?"

அணஞ்சபெருமாள் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். டயரைத் தட்டினார். மூணு பேரையும் தள்ளிக் கூட்டிப்போய் ரொம்ப நேரம் பேசினார். திரும்பி வந்தார்.

"ஆளுக்கு எடம் போதும்மா. சாமானுக்கும் போதும். ஒண்ணே ஒண்ணுதான் குறை."

"என்ன சார்?"

"இந்த வண்டிக்கு சாம்பார் வலது பக்கம் இருக்கு. இடது பக்கம் உக்காந்தவனும் மனுசன்தானே? சாம்பார் இடது பக்கம் உள்ள வண்டி ஒண்ணு காட்டேன்."

பெனிட்டா அவரைப் பார்த்தாள். வண்டியைப் பார்த்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் புஸ்தகத்தில் எழுதிக்கொண்டாள்.

"அது கைவசம் இல்ல சார். சொல்லி வச்சா ரெண்டு மாசம் ஆகும்."

"ரெண்டு மாசமா?" என்றான் கோலப்பன்.

"ஆகாதா பின்னே" என்று பூதலிங்கம் அவனை அதட்டினான். "அம்புட்டு சாம்பாரையும் அந்தப் பக்கத்துலேருந்து இந்தப் பக்கம் மாத்தணும்லா."