டிரைவர் பக்கம்

மலைமேல் ஒரு சிறிய மடம் இருந்தது. அந்த மடத்துக்கு ஒரு பழைய பிக்கப் வண்டி இருந்தது. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் மூட்டை ஏற்றலாம். கப்பலில் வந்த வெளிநாட்டு வண்டி என்பதால் அதன் ஸ்டியரிங், நம் ஊர் வண்டிகள் போல வலப்பக்கம் இல்லாமல், இடப்பக்கம் இருந்தது.

வண்டியை ஓட்டியவர் குப்பண்ணன். வாழ்நாளெல்லாம் லாரி ஓட்டியவர், மனம் தெளிய வேண்டும் என்று மடத்துக்கு வந்து சேர்ந்தார். அவருடைய குரு அருளம்மை அவரைவிட வயதில் நிரம்ப இளையவர். குப்பண்ணன் அவரை அம்மை என்று கூப்பிடுவார். அம்மை அவரை அண்ணா என்பார்.

வாராவாரம் குப்பண்ணன் ஒரு நோயாளியை அடிவாரத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவார். அவர் பெயர் பாப்பாயி. அவருக்கு இளைப்பு நோய். அடைத்த இடத்தில் மூச்சு முட்டும்.

போன தடவை வழியில் பெருமழை. கண்ணாடியை ஏற்றினால் பாப்பாயிக்கு மூச்சு விட முடியவில்லை. இறக்கினால் தொப்பலாக நனைந்தார். நடுங்கியபடி போய்ச் சேர்ந்தவரை ஆஸ்பத்திரியிலேயே படுக்க வைத்துவிட்டார்கள்.

திரும்பி வந்ததும் அவர் சொல்லிவிட்டார்: "இனி மழை நாள்ல நான் வரமாட்டேன். நிக்கற மூச்சு வீட்டுலயே நிக்கட்டும்."

அதனால் குப்பண்ணன் டவுன் கடையில் சொல்லி டோர் வைசர் வரவழைத்தார். ஜன்னலின் மேல் விளிம்பில் மாட்டுகிற கறுப்பு பிளாஸ்டிக் பட்டை அது. சின்னக் கூரை போல வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். மழையிலும் கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கி வைக்கலாம். காற்று வரும், தண்ணீர் வராது.

அடுத்த பயணத்தன்று காலை பஸ்ஸில் இரண்டு ஜன்னலுக்குமான பட்டை ஜோடி வந்தது. கடைக்காரர் பட்டைக்கு ஒன்றாகச் சீட்டு எழுதி ஒட்டியிருந்தார். ஒன்றில் 'டிரைவர் பக்கம்', மற்றதில் 'கிளீனர் பக்கம்'.

லாரிக்காரர்கள் வலம் இடம் சொல்வதில்லை. ஓட்டுகிறவர் உட்காரும் பக்கம் டிரைவர் பக்கம். மற்றது கிளீனர் பக்கம். வண்டியில் கிளீனரே இல்லாவிட்டாலும் அதற்கு அந்தப் பெயர்தான்.

பாப்பாயி மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு வண்டிக்குள் உட்கார்ந்துவிட்டார். மேற்கே வானம் கறுத்திருந்தது.

குப்பண்ணன் 'டிரைவர் பக்கம்' என்ற பட்டையை எடுத்து ஸ்டியரிங் இருந்த பக்கத்து ஜன்னலில் வைத்தார். கண்ணாடி ஏறி இறங்கும் பள்ளத்துக்குள் பட்டையின் இரண்டு முனைகளும் நுழைய வேண்டும். பின்முனை நுழைந்தது. முன்முனை நுழையவில்லை.

சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தார். வளைத்துப் பார்த்தார். தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார்.

"என்னங் குப்பண்ணா, மாட்டறீங்களா, மல்லுக்கட்டறீங்களா?" என்றார் பாப்பாயி.

"சும்மா இருங்கக்கா. சாமான் தப்பு."

"போன தடவை மழை தப்பு. இன்னிக்குச் சாமான் தப்பு. உங்க மேல என்னைக்குத்தான் தப்பு வரும்?"

குப்பண்ணன் பட்டையை மறுபடி ஜன்னலில் வைத்து அழுத்தினார்.

"இன்னொண்ணை எடுத்துப் பாருங்களேன்" என்றார் பாப்பாயி.

"அது கிளீனர் பக்கத்துதுக்கா. டிரைவர் பக்கம் முடியாம கிளீனர் பக்கம் போறதில்ல. டயர் கழட்டினாலும் சரி, பொட்டு வச்சாலும் சரி, லாரியில எல்லாம் டிரைவர் பக்கந்தான் முதல்ல."

மறுபடி முயன்றார். முன்முனை கதவின் சரிவுக்கு எதிராகத் துருத்திக்கொண்டு நின்றது. அவர் டூல் பெட்டியைத் திறந்து இரும்பு அறுக்கும் ஆக்ஸா பிளேடை எடுத்தார். பட்டையை முழங்காலில் அழுத்திக்கொண்டார்.

அப்போது பாப்பாயிக்கு வெந்நீர் பிளாஸ்க் எடுத்துக்கொண்டு அம்மை வந்தார்.

"அண்ணா, எதை அறுக்கறீங்க?"

"அதிகமா இருக்கறதைங்கம்மை."

"எது அதிகம்?"

குப்பண்ணன் பட்டையைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். "அதுதானுங்க புரியல. அளவு சரியா இருக்குது. ஆனா உக்கார மாட்டேங்குது."

"அறுத்தா உக்காருமா?"

"தெரியலீங்க. உக்காரலைன்னா அக்கா இறங்கிப் போயிருவாங்க."

"ஒரு கையை ஏற்கெனவே கதவுப் பிடியிலதான் வச்சிருக்கேன்" என்றார் பாப்பாயி.

அம்மை பிளேடை வாங்கிப் பெட்டிக்குள் போட்டார். குப்பண்ணனை அழைத்துப் போய் வண்டிக்கு முன்னால் நிறுத்தினார்.

"கண்ணை மூடிக்குங்க. டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து ஏறுங்க."

"பட்டையைங்க?"

"அது கையிலேயே இருக்கட்டும்."

குப்பண்ணன் கண்ணை மூடினார். யோசிக்கவே இல்லை. பானெட்டைத் தடவிக்கொண்டே நேராக நடந்தார். கைப்பிடி தட்டுப்பட்டது. கதவைத் திறந்து காலை உள்ளே தூக்கி வைத்தார்.

"ஏனுங், என் மடியிலயா உக்காரப் போறீங்க?" என்று கத்தினார் பாப்பாயி.

குப்பண்ணன் துள்ளிக் குதித்துக் கண்ணைத் திறந்தார். எதிரே மருந்துப் பை. அதற்கு மேலே பாப்பாயியின் முகம்.

"டிரைவர் பக்கந்தானுங்கம்மை வந்தேன்."

"ஆமா."

"இல்லீங்க, ஸ்டியரிங் அந்தப் பக்கம் இருக்குது. அதுதானுங்க டிரைவர் பக்கம்."

"ஆமா."

"ரெண்டுக்கும் ஆமான்னா எப்படிங்க?"

அம்மை பிளாஸ்க்கைப் பாப்பாயியிடம் கொடுத்துவிட்டுத் திறந்திருந்த கதவைச் சாத்தினார்.

"இப்ப மாட்டுங்க."

"எங்கீங்க?"

"நிக்கற இடத்துல."

குப்பண்ணன் தயங்கித் தயங்கிப் பட்டையைத் தூக்கினார். முன்முனை கதவின் சரிவோடு வழுக்கிப் பள்ளத்துக்குள் போனது. நடுவை லேசாக வளைத்தார். பின்முனையும் போனது. கையை எடுத்ததும் பட்டை நிமிர்ந்து விளிம்போடு விளிம்பாக உட்கார்ந்தது. பாப்பாயி உள்ளிருந்து கைப்பிடியைச் சுற்றிக் கண்ணாடியை மேலே ஏற்றினார். அது தடங்கல் இல்லாமல் ஏறி நின்றது.

சீட்டு இன்னும் பட்டையில் ஒட்டியிருந்தது. குப்பண்ணன் அதன்மேல் விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். டிரைவர் பக்கம்.

"கடைக்காரர் நம்மூரு வண்டியை நினைச்சு எழுதியிருக்காருங்க" என்றார் மெல்ல. "அவரு எழுதினது தப்பில்ல. நான் படிச்சதும் தப்பில்ல."

"தப்பில்ல."

"அப்புறம் எப்படிங்க நான் இதை அறுக்கப் போனேன்?"

அம்மை வானத்தைப் பார்த்தார். முதல் தூறல் பட்டையின்மேல் விழுந்து வழிந்தது.

குப்பண்ணன் விடவில்லை. "எனக்கு இன்னும் குழப்பமா இருக்குதுங்கம்மை. எழுதியிருக்கறது டிரைவர் பக்கம்னு. ஸ்டியரிங் அந்தப் பக்கம். கண்ணை மூடினா லாரிப் பழக்கத்துல நான் வந்து நிக்கறது இந்தப் பக்கம். உக்காந்திருக்கறது பாப்பாயிக்கா. நிஜமா இது யாரு பக்கமுங்க?"

மழை வலுத்தது. மூடிய கண்ணாடிக்குப் பின்னால் பாப்பாயி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார்.

அம்மை சொன்னார்:

"கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கச் சொல்லி, காத்து வருதான்னு அக்காவைக் கேளுங்க."