வரப்புப் புல்

அநியாயம் நடந்தது மாராத்தாளுக்கு. காளியண்ணனின் வயலில் களையெடுப்பவள் அவள். கூலியோடு வரப்புப் புல்லும் அவளுக்கு என்பது ஊர் வழக்கம். கூலி அரை வயிற்றுக்குத்தான் காணும். மீதி அரை வயிறும், மகளின் நர்சிங் படிப்பும் அவளுடைய ஒற்றைச் சிந்து மாட்டை நம்பி. மாடு அந்தப் புல்லை நம்பி. அந்த வரப்புக்குத்தான் வேலி போட்டார் காளியண்ணன்.

காரணத்தைக் கேட்டால் சிரிப்புத்தான் வரும். அவருடைய குரு சாந்தவல்லி அம்மா, வயதில் அவரைவிட இளையவர், "எது உங்களுடையது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்" என்று சொல்லியிருந்தார். காளியண்ணன் ஆசிரமத்திலிருந்து நேரே வயலுக்கு வந்தார். வரப்பு தன்னுடையது, அதில் முளைத்ததும் தன்னுடையது என்று தெரிந்துகொண்டார்.

மாராத்தாள் கெஞ்சவில்லை. "நீங்களே மேயறதுன்னா சரிங்க, நான் குறுக்க வரல" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். தீவனம் வாங்கக் கையில் எதுவும் இல்லை. மாட்டுக்கு மடி வற்றிப்போனது. விற்றுவிடலாம் என்று தரகரை வரச் சொல்லியிருந்தாள்.

அன்றைக்கென்று சாந்தவல்லி அம்மா சொல்லாமல் கொள்ளாமல் காளியண்ணன் வீட்டுக்குச் சாப்பிட வந்துவிட்டார். காளியண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. பருப்பு, ரசம், அவரைக்காய்ப் பொரியல் என்று பரிமாறிக்கொண்டே, தான் தெளிவடைந்த கதையை வேலிவரைக்கும் சொல்லி முடித்தார். அம்மா பாராட்டவும் இல்லை, கடிந்துகொள்ளவும் இல்லை. கடைசியாக மிஞ்சிய சோற்றில் குழி செய்துவிட்டு நிமிர்ந்தார்.

"தயிர்?"

காளியண்ணன் மனைவியைப் பார்த்தார். சரசு கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"மாராத்தா ஊத்துற பால்லதானுங்க நம்மூட்டுத் தயிரு. இப்ப அவ மாடு கறக்கறதில்லீங்க."

"மோர்?"

"அதுவும் அதே மாடுதானுங்க."

"மாட்டுக்கு என்ன சீக்கு?"

"சீக்கெல்லாம் இல்லீங்க. புல்லு இல்ல."

"ஊருக்குள்ளயே புல் இல்லையா?"

"இல்லாம என்னங்க! எங்க வரப்புல முழங்கால் ஒசரத்துக்கு நிக்குது. பாம்பு ஒண்ணுதான் இன்னும் குடிவரல." சரசு இந்த நாளுக்காகவே காத்திருந்தவள்போலச் சொன்னாள்.

காளியண்ணனுக்கு முகம் சிவந்தது. ஆனாலும் விடவில்லை.

"அந்தப் புல்லு என்னுதுதானுங்களே அம்மா? நீங்களே சொல்லுங்க."

"உங்களுதேதான். யாரு இல்லைன்னது?"

அம்மா இலையை அவர் பக்கமாக நகர்த்தினார்.

"போய் ரெண்டு பிடி அறுத்துட்டு வாங்க. பிசைஞ்சு சாப்பிடறேன்."